ரெப்போவிலிருந்து மூலக்கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுப்பது எப்படி?

#1 பாவுநூல் | திங்கள், இரவு 9:40

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பீஸ் ரேட் கூலி கணக்கிடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று பிரிவு பிரிவாக வாரக் கூலி போட்டுக் கொடுக்கும். நான்கு வருடமாக ஓடுகிறது. இப்போது அவர்களே ஒரு டெவலப்பரை வேலைக்கு வைத்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி, கடைசியாக ரிலீஸ் செய்த 2.3 வெர்ஷனின் சோர்ஸை நாங்கள் ஒப்படைக்க வேண்டும்.

என் லேப்டாப்பில் இருந்த பிராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தேன். உள்ளே இருந்த .கிட் ஃபோல்டரை (மாற்றங்களின் வரலாற்றை கிட் சேமித்து வைக்கும் இடம், அதாவது எங்கள் ரெப்போ) அழித்துவிட்டு மீதியை ஜிப் செய்து அனுப்பினேன். 412 எம்பி வந்தது. மறுநாள் அந்த டெவலப்பர் போன் செய்தார். "அண்ணா, இதில் .என்வ் கோப்பும் வந்திருக்கிறது. உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நல்ல மனசுக்காரர், சொன்னார். அன்று இரவே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

அதோடு போகவில்லை. போனஸ் கணக்கில் நான் பாதியில் விட்டிருந்த மாற்றமும் அந்த ஜிப்பில் போய்விட்டது. அடுத்து அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை: "இது எந்த நாளின் சோர்ஸ்? இப்போது சர்வரில் ஓடுவது இதுதானா?"

புதன்கிழமை திரும்பவும் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை சரியாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன். நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

---

#2 வேம்புநிழல் | திங்கள், இரவு 10:15

தம்பி, பாஸ்வேர்டை உடனே மாற்றியது நல்லது. பலர் அந்த ஜிப்பை அழிக்கச் சொல்லிவிட்டு, சாவியை மாற்றாமல் விட்டுவிடுவார்கள்.

உங்கள் ஃபோல்டர் வேறு, உங்கள் ரெப்போ வேறு. ஃபோல்டர் என்பது நீங்கள் வேலை செய்யும் மேசை. பாதி எழுதியது, கட்டிப்பார்த்தது, பதிவிறக்கியது எல்லாம் அங்கே கிடக்கும். கிளையண்டுக்குப் போக வேண்டியது ஒரு கமிட்டில், அதாவது கிட்டில் நீங்கள் சேமித்து வைத்த ஒரு நிலையில், பதிவாகியிருப்பது மட்டும். அதை எடுத்துக் கொடுக்கத்தான் கிட் ஆர்க்கைவ் என்ற கட்டளை இருக்கிறது. (கட்டளைகளை எப்போதும் போல உச்சரிப்பில் எழுதுகிறேன்.)

`கிட் ஆர்க்கைவ் --பிரிஃபிக்ஸ்=கூலி-2.3/ -ஓ கூலி-2.3.ஜிப் வி2.3`

கடைசியில் இருக்கும் வி2.3 என்பது டேக், அதாவது ஒரு கமிட்டுக்கு நாம் வைத்த பெயர். கிட் உங்கள் ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த டேக் காட்டும் கமிட்டில் என்னென்ன கோப்புகள் உண்டோ அவற்றை மட்டும் எடுத்து அடுக்கும். சேமிக்காத மாற்றம் வராது. கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோரில் போட்ட நோட்_மாட்யூல்ஸ் (பதிவிறக்கிய நூலகங்கள்) வராது. .கிட் ஃபோல்டரும் வராது.

--பிரிஃபிக்ஸ் கடைசியில் சாய்கோடு இருக்கிறது பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். விட்டால் கிட் அதை ஃபோல்டர் பெயராக எடுக்காமல் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒட்டிவிடும். "ரீட்மி" என்ற கோப்பு "கூலி-2.3ரீட்மி" என்று விரியும்.

இன்னொன்று, ரெப்போவின் மேல்மட்டத்தில் நின்று கட்டளையைக் கொடுங்கள். உள் ஃபோல்டர் ஒன்றில் நின்று கொடுத்தால் அந்த ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் வரும். எந்த எச்சரிக்கையும் வராது. ஜிப் சிறியதாக இருக்கிறதே என்று நாமாகச் சந்தேகப்பட்டால்தான் உண்டு.

---

#3 பாவுநூல் | திங்கள், இரவு 11:05

நன்றி அண்ணா. செய்து பார்த்தேன். 412 எம்பி இப்போது 6 எம்பி. பார்த்ததும் ஒரு நிமிடம் எதையோ விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, எங்கள் டெஸ்ட்டுகளும், விலை பேசியபோது எழுதி வைத்த குறிப்புகளும் ரெப்போவுக்குள்ளேயே இருக்கின்றன. அந்தக் குறிப்புகள் போகக் கூடாது. இரண்டாவது, கூலி விதிகளை ஒரு தனி ரெப்போவாக வைத்து சப்மாட்யூலாக இணைத்திருக்கிறோம். ஜிப்பைத் திறந்தால் அந்த ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை.

---

#4 அலைவரிசை | செவ்வாய், காலை 7:20

முதல் சிக்கலுக்கு: ரெப்போவின் மேல்மட்டத்தில் .கிட்அட்ரிபியூட்ஸ் என்று ஒரு கோப்பு வைத்து, அதில் இப்படி இரண்டு வரி எழுதுங்கள்.

`/குறிப்புகள் எக்ஸ்போர்ட்-இக்னோர்`
`/.கிட்அட்ரிபியூட்ஸ் எக்ஸ்போர்ட்-இக்னோர்`

இந்த அடையாளம் போட்ட எதையும் கிட் ஆர்க்கைவ் தொடாது. டெஸ்ட்டுகளைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. கூலிக் கணக்கு மாதிரியான மென்பொருளில் புதிதாக வருகிறவருக்கு டெஸ்ட்தான் பாடப்புத்தகம். ஓவர்டைம் ஒன்றரை மடங்கா இரண்டு மடங்கா என்பதை அவர் அங்கேதான் படித்துத் தெரிந்துகொள்வார்.

நான் ஒரு மதியம் முழுக்கச் செலவழித்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நீங்களும் மாட்ட வேண்டாம். இந்த .கிட்அட்ரிபியூட்ஸை கிட் உங்கள் ஃபோல்டரிலிருந்து படிப்பதில்லை. எந்த கமிட்டை ஏற்றுமதி செய்கிறீர்களோ அந்த கமிட்டுக்குள்ளிருந்து படிக்கிறது. வி2.3 டேக் போட்ட நாளில் இந்தக் கோப்பு இல்லையென்றால், இன்று எழுதி வைப்பதால் எதுவும் மாறாது. நான் வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன், ஸ்லாஷ் போட்டேன், நட்சத்திரம் போட்டேன், அந்த ஃபோல்டர் வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது.

பழைய டேக்கையே கொடுக்க வேண்டும் என்றால் --வொர்க்ட்ரீ-அட்ரிபியூட்ஸ் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஃபோல்டரில் இருப்பதையும் படிக்கும்.

---

#5 மண்பானை | செவ்வாய், காலை 8:02

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லையே. `கிட் குளோன் --டெப்த் 1 --பிராஞ்ச் வி2.3` என்று ரெப்போவின் புதுப் பிரதியைப் புதிய ஃபோல்டரில் எடுத்து, .கிட்டை அழித்துவிட்டு ஜிப் செய்தால் முடிந்தது. --பிராஞ்ச் டேக் பெயரையும் ஏற்கும். --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் சேர்த்தால் சப்மாட்யூலும் உள்ளடக்கத்தோடு வரும். நான் பல வருடமாக இப்படித்தான் கொடுக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

---

#6 வேம்புநிழல் | செவ்வாய், காலை 9:30

> .கிட்டை அழித்துவிட்டு ஜிப் செய்தால் முடிந்தது

மண்பானை, புதிதாக குளோன் செய்வதில் தவறில்லை. வேலை செய்யும் ஃபோல்டரை அனுப்புவதைவிட எவ்வளவோ மேல். சப்மாட்யூல் இருந்தால் நானும் அந்த வழிக்கே போவேன். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

சப்மாட்யூலுக்குள் இருக்கும் .கிட் ஃபோல்டர் அல்ல, ஒரு சின்னக் கோப்பு. "உண்மையான கிட் ஃபோல்டர் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி அதில் இருக்கும். மேலே இருக்கும் .கிட்டை மட்டும் அழித்தால் அது அங்கேயே தங்கிவிடும். ஃபைண்ட் கட்டளையால் .கிட் என்ற பெயருள்ள எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். அடுத்தது, குளோன் செய்தால் எக்ஸ்போர்ட்-இக்னோர் வேலை செய்யாது. அது ஆர்க்கைவுக்கான விதி. குறிப்புகள் ஃபோல்டரைக் கையால் அழிக்க வேண்டும், கையால் செய்வதை ஒரு நாள் மறப்போம். மூன்றாவதைப் பாவுநூலிடம் அந்த டெவலப்பரே கேட்டுவிட்டார்: இது எந்த நாளின் சோர்ஸ்? .கிட்டை அழித்த நொடியில் அதற்கான பதிலும் அழிந்துவிடுகிறது.

பாவுநூல், உங்களிடம் ஒரே ஒரு சப்மாட்யூல்தானே? தாய் ரெப்போவை முதலில் ஒரு காலி ஃபோல்டருக்குள் ஆர்க்கைவ் செய்து விரியுங்கள். பிறகு சப்மாட்யூலுக்குள் போய், தாய் ரெப்போ அந்த டேக்கில் எந்த கமிட்டைச் சுட்டுகிறதோ அதே கமிட்டை ஆர்க்கைவ் செய்து அதற்குரிய இடத்தில் விரியுங்கள். `கிட் எல்எஸ்-ட்ரீ வி2.3` கொடுத்தால் சப்மாட்யூல் பெயருக்கு எதிரே அந்த கமிட்டின் அடையாளம் தெரியும். சப்மாட்யூலின் மெயின் கிளையிலிருந்து எடுக்கவே கூடாது. அது அதற்குள் முன்னே போயிருக்கும்.

---

#7 பழையகரை | செவ்வாய், காலை 11:10

இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கிட்டுக்கு முன்பிருந்த சிவிஎஸ் என்ற கருவியின் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அதில் ஏற்றுமதிக்கென்றே "எக்ஸ்போர்ட்" என்று ஒரு கட்டளை இருந்தது. சும்மா கொடுத்தால் செய்யாது. ஒன்று டேக் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தேதி சொல்ல வேண்டும். வேலை செய்வதற்காகப் பிரதி எடுக்கும் செக்அவுட்டுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது, வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும் உண்டு. அந்த டெவலப்பர் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அந்தக் கருவி முதலிலேயே கேட்டுவிடும். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று நினைத்தால், அதை அப்படிச் செய்தவர்கள் ஒரு தடவையாவது உங்கள் நிலையில் நின்றிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

பிறகு அதே வேலைக்கு எஸ்விஎன் என்ற கருவி வந்தது. அதில் செக்அவுட் செய்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு .எஸ்விஎன் ஃபோல்டர் இருக்கும். 2011இல் 1.7 வந்த பிறகுதான் மேல்மட்டத்தில் ஒன்றே ஒன்று என்று ஆனது. அதற்கு முன்னால், ஒருவர் ஃபோல்டரைக் காப்பி செய்து அனுப்பினால் அந்தக் குப்பை அத்தனையும் சேர்ந்து போகும். எஸ்விஎன் எக்ஸ்போர்ட் இருந்ததால் பிழைத்தோம்.

அதிலும் ஒரு குழி உண்டு. சர்வர் முகவரி கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால் அங்கே சேமித்திருப்பது வரும். உங்கள் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால், நீங்கள் இன்னும் கமிட் செய்யாத திருத்தங்களோடு வரும். கட்டளை ஒன்றுதான், கிடைப்பது இரண்டு விதம். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இப்படி ஃபோல்டரிலிருந்து எடுத்த பிரதியை வாடிக்கையாளரிடம் நிறுவிவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு பிழை வந்தது. அந்தப் பிழை இருந்த வரியை எங்கள் ரெப்போவின் எந்த ரிவிஷனிலும் காணோம். இரண்டு நாள் தேடினோம். அவருடைய பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கில்தான் கடைசியில் கிடைத்தது.

கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியல் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருந்தால்: அங்கே ஏற்றுமதிக்கான கட்டளை ஹெச்ஜி ஆர்க்கைவ். ஹெச்ஜி எக்ஸ்போர்ட் என்பது வேறு, அது ஒரு மாற்றத்தை பேட்ச்சாக எழுதித் தரும். ஹெச்ஜி ஆர்க்கைவ் தானாகவே உள்ளே .ஹெச்ஜி_ஆர்க்கைவல் என்ற சிறு உரைக்கோப்பை வைத்துவிடும். எந்த மாற்றம், எந்தக் கிளை, எந்த டேக் என்று அதில் எழுதியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

---

#8 பாவுநூல் | செவ்வாய், மதியம் 1:25

அக்கா, அந்த "எந்த ரிவிஷனிலும் காணோம்" என்பதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் போனஸ் மாற்றம் சரியாக அந்த மாதிரிதான் போயிருக்கிறது. முதல் ஜிப்பை அழித்துவிடச் சொல்லி இப்போதே அவருக்கு எழுதிவிட்டேன்.

கிட்டில் அப்படி ஒரு கோப்பு தானாக வராதா?

---

#9 வட்டெழுத்து | செவ்வாய், மதியம் 2:40

கோப்பாக வராது, ஆனால் தகவல் உள்ளேயே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டேக்கோ கமிட்டோ கொடுத்து கிட் ஆர்க்கைவ் செய்தால், அந்த கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தை கிட் ஆர்க்கைவுக்குள் எழுதிவிடுகிறது. டார் (ஜிப் போல இன்னொரு தொகுப்புக் கோப்பு) என்றால் அதன் தலைப்பகுதியில். ஜிப் என்றால் ஜிப்பின் குறிப்புரையில். டாராக இருந்தால் `கிட் கெட்-டார்-கமிட்-ஐடி` என்ற கட்டளைக்கு அந்த டாரை ஊட்டுங்கள், அடையாளத்தைச் சொல்லும். டார்.ஜிஇசட் என்றால் முதலில் சுருக்கத்தை அவிழ்க்க வேண்டும். ஜிப் என்றால் `அன்ஜிப் -இசட்` காட்டும். கோப்பின் பெயரை யார் எப்படி மாற்றினாலும் இது மாறாது. கோப்புகளின் நேரமும் கமிட் நடந்த நேரமாகவே பதிவாகும்.

இதில் நுணுக்கமான ஒரு வேறுபாடு உண்டு. ஒரு உள் ஃபோல்டரை மட்டும் எடுக்க விரும்பினால் இரண்டு விதமாக எழுதலாம். `வி2.3:விதிகள்` என்று முக்காற்புள்ளி போட்டு எழுதினால் நீங்கள் கொடுப்பது கமிட் அல்ல, ஒரு மரம். அப்போது அடையாளம் எழுதப்படாது. கோப்பு நேரமும் நீங்கள் கட்டளை கொடுத்த நேரமாகிவிடும், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஆர்க்கைவ் மாறும். `வி2.3 விதிகள்` என்று இடைவெளி விட்டு எழுதினால் கமிட் கொடுத்ததாகவே ஆகும், அடையாளம் தங்கும்.

விரித்த பிறகும் அடையாளம் தங்க வேண்டுமா? அதற்குத்தான் எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட். "வெர்ஷன்" என்று ஒரு கோப்பு வைத்து அதில் `$ஃபார்மேட்:%ஹெச்$` என்று எழுதி, .கிட்அட்ரிபியூட்ஸில் அந்தக் கோப்புக்கு எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். ரெப்போவில் அந்த வரி அப்படியே இருக்கும். ஆர்க்கைவில் மட்டும் அந்த இடத்தில் கமிட்டின் அடையாளம் நிரம்பும். கிட் 2.32இலிருந்து அடையாளத்துக்குப் பதிலாக "வி2.3க்குப் பிறகு 4 கமிட்" என்கிற மாதிரி டேக் கணக்கிலும் எழுதச் சொல்லலாம். கூலி ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் அதை அச்சிட்டுவிட்டால், ஒரு தொழிலாளி தவறான ரசீதோடு வந்து நிற்கும்போது எந்த சோர்ஸ் அந்தக் கணக்கைப் போட்டது என்று ரசீதே சொல்லும்.

---

#10 செங்காந்தள் | செவ்வாய், மாலை 4:15

விண்டோஸில் வேலை செய்கிறீர்களா பாவுநூல்? அப்படியென்றால் இதையும் பாருங்கள்.

கிட் ஆர்க்கைவ் கோப்புகளை எடுக்கும்போது, செக்அவுட்டில் செய்வது போலவே வரிமுடிவையும் மாற்றும். விண்டோஸில் ஆட்டோசிஆர்எல்எஃப் ட்ரூ என்று இருந்தால் எல்லா உரைக்கோப்பும் விண்டோஸ் வரிமுடிவோடு ஆர்க்கைவில் போகும். நான் அப்படி எடுத்த ஒரு ஜிப்பை லினக்ஸ் சர்வரில் விரித்தார்கள். நிறுவும் ஸ்கிரிப்ட் ஓட மறுத்தது. "பேட் இன்டர்பிரிட்டர்" என்றது, கடைசியில் ^எம் என்று ஒரு குறி. கோப்பு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது. முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு எழுத்துதான் காரணம்.

.கிட்அட்ரிபியூட்ஸில் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கு `டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்` என்று குறித்துவிடுங்கள். யாருடைய மெஷினில் எடுத்தாலும் ஒரே மாதிரி வரும்.

---

#11 மண்பானை | செவ்வாய், மாலை 5:00

வேம்புநிழல் சொன்னது சரிதான். என் பழைய டெலிவரி ஒன்றை எடுத்துத் தேடினேன், சப்மாட்யூல் ஃபோல்டரில் அந்த .கிட் கோப்பு இருக்கிறது. இனி மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். கிட்ஹப் பக்கத்திலேயே ஜிப்பாக இறக்கும் பட்டன் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா?

---

#12 வட்டெழுத்து | செவ்வாய், மாலை 6:20

சின்ன வேலைக்குப் போதும். எக்ஸ்போர்ட்-இக்னோரையும் அது மதிக்கும். ஆனால் சப்மாட்யூல் காலியாகத்தான் வரும். பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் பயன்படுத்தினால், ரெப்போவின் அமைப்பில் அதைச் சேர்க்கச் சொல்லாதவரை படங்களுக்குப் பதில் மூன்று வரிச் சுட்டிக்கோப்பு வரும். 40 எம்பி பட்டியல் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெர்ஷன் வரி, ஒரு அடையாள வரி, ஒரு அளவு வரி, அவ்வளவுதான்.

2023 ஜனவரி 30ஆம் தேதி நடந்ததும் நினைவுக்கு வருகிறது. அந்த ஜிப், டார் கோப்புகள் எங்கேயும் சேமித்து வைத்தவை அல்ல, கேட்கும்போது உருவாகிறவை. கிட் 2.38இல் சுருக்கும் வேலைக்கு வெளியிலிருக்கும் ஜிஜிப் நிரலைக் கூப்பிடாமல் கிட்டே செய்யும்படி இயல்பு நிலையை மாற்றினார்கள். கிட்ஹப் அந்த மாற்றத்தைத் தங்கள் சர்வரில் கொண்டுவந்ததும் டார்.ஜிஇசட் கோப்புகளின் பைட்டுகள் மாறின. உள்ளே இருந்த கோப்புகள் ஒன்றுகூட மாறவில்லை, சுருக்கிய விதம்தான் மாறியது. ஆனால் அந்தக் கோப்புகளின் செக்சம்மை (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) குறித்து வைத்திருந்த பேசல், ஹோம்ப்ரூ போன்ற கருவிகளை நம்பியிருந்தவர்களின் பில்டுகள் வரிசையாக உடைந்தன. சில மணி நேரத்தில் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே, கிளையண்டுக்கு செக்சம் கொடுப்பதாக இருந்தால் நீங்களே ஆர்க்கைவ் எடுங்கள், எடுத்த அந்தக் கோப்பையே பத்திரப்படுத்துங்கள். திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கொடுக்கும் ஆர்க்கைவும் ரெப்போவும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலின் விவகாரத்தைவிடப் பெரிய சான்று வேண்டாம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் வெளியே சொன்னார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் போனவர் அவர். 5.6.0, 5.6.1 இரண்டு வெர்ஷனிலும் பின்கதவு இருந்தது. அதைத் திறந்துவைக்கும் பில்டு ஸ்கிரிப்ட் வரிகள் கிட் ரெப்போவில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் (டார் தொகுப்பில்) மட்டும் இருந்தன. ரெப்போவைப் படித்தவர்கள் ஒரு மூலத்தைப் படித்தார்கள், டார்பாலை நிறுவியவர்கள் வேறொன்றை நிறுவினார்கள்.

---

#13 ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 8:45

மாறிய கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தால் என் அனுபவம் உதவும். நான் தமிழ் நூல்களை உரைக்கோப்பாக வைத்து கிட்டில் பராமரிக்கிறேன். கோப்புப் பெயர்களே தமிழில்தான். மெய்ப்புப் பார்ப்பவருக்கு மாறியவை மட்டும் போக வேண்டும்.

`கிட் டிஃப் --நேம்-ஒன்லி` கொடுத்து வரும் பட்டியலை அப்படியே கிட் ஆர்க்கைவுக்குக் கொடுப்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. என்னிடம் உடைந்தது. "கணக்கதிகாரம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225 என்று தொடங்கி எண்களாக வந்தது. அதுதான் "க". கிட் ஆங்கிலமல்லாத எழுத்துகளை இப்படி எட்டடிமான எண்ணாக மாற்றி, மேற்கோள் குறிக்குள் காட்டுகிறது. அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று ஆர்க்கைவ் நின்றுவிடும். `கிட் கான்ஃபிக் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்` என்று ஒரு தடவை கொடுத்தால் பெயர்கள் தமிழிலேயே வரும். நம் மொழியில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோரும் முதல் நாளே செய்துகொள்ள வேண்டியது இது.

அழித்த கோப்புகளும் அந்தப் பட்டியலில் வரும். --டிஃப்-ஃபில்டர் போட்டு அவற்றை விலக்குங்கள், இல்லையென்றால் அதே பிழை. விலக்கிய பிறகு, எவற்றை அழிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். ஜிப் புதியதைச் சேர்க்கும், பழையதை நீக்காது.

---

#14 அலைவரிசை | செவ்வாய், இரவு 9:30

பாவுநூல், ஒன்று கேட்கிறேன். நான்கு வருட வேலையை அவர்களிடம் ஒப்படைக்கிறீர்கள். வரலாறு இல்லாமல் கொடுப்பது நியாயமா? "இந்த 0.5 எதற்கு" என்று அந்தப் பையன் தலையைப் பிய்த்துக்கொள்வான். பதில் உங்கள் கமிட் செய்தியில் இருக்கும். `கிட் பண்டில் கிரியேட்` கொடுத்தால் முழு வரலாறும் ஒரே கோப்பாக வந்துவிடும், அந்தக் கோப்பிலிருந்தே அவர் குளோன் செய்துகொள்ளலாம்.

---

#15 பழையகரை | செவ்வாய், இரவு 9:55

இதில் நான் மாறுபடுகிறேன். வரலாறு கொடுப்பது நல்ல மனசு, ஆனால் வரலாற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒரு கோப்பை இன்று அழித்தாலும் பழைய கமிட்டில் அது உயிரோடு இருக்கும். விலைக் குறிப்புகள் இருக்கின்றன என்று தம்பியே சொல்கிறார். .என்வ் ஒரு தடவையாவது கமிட் ஆகியிருந்தால் அதுவும் பண்டிலில் போகும். `கிட் லாக் --ஆல் -- .என்வ்` கொடுத்துப் பாருங்கள் தம்பி. ஒரு கமிட் வந்தாலும் நிறுத்துங்கள்.

---

#16 அலைவரிசை | செவ்வாய், இரவு 10:10

அக்கா சொல்வது சரி. கொடுக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஃபில்டர்-ரெப்போ கொண்டு அந்தக் கோப்புகளை வரலாற்றிலிருந்தே நீக்கலாம், ஆனால் அதன் பிறகு கமிட் அடையாளங்கள் எல்லாம் மாறிவிடும். ஆகவே இரண்டும் கொடுப்பதாக இருந்தால் முதலில் வரலாற்றைச் சுத்தம் செய்து, அந்தச் சுத்தமான பிரதியிலிருந்து ஆர்க்கைவ் எடுங்கள். இல்லையென்றால் ஆர்க்கைவ் சொல்லும் அடையாளம் பண்டிலில் இருக்காது.

---

#17 பாவுநூல் | புதன், மாலை 6:50

கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

.என்வ் முதல் வாரத்திலேயே ஒரு தடவை கமிட் ஆகியிருந்தது, மறுநாள் நீக்கியிருந்தோம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. நண்பரிடம் பேசினேன். அவருக்கும் வரலாற்றைக் கொடுக்க விருப்பம்தான். அதனால் ஒரு தனி குளோனில் .என்வையும் குறிப்புகள் ஃபோல்டரையும் வரலாற்றிலிருந்து நீக்கினோம். அதில் வெர்ஷன் கோப்பையும் .கிட்அட்ரிபியூட்ஸையும் கமிட் செய்து வி2.3.1 என்று டேக் போட்டோம். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை என்பதை 2.3க்கும் இதற்கும் டிஃப் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். சர்வரில் ஓடுவதோடும் ஒப்பிட்டேன், ஒன்றுதான். ஆர்க்கைவ் ஒன்று, சப்மாட்யூலுக்கு ஒன்று, பண்டில் இரண்டு, செக்சம் எழுதிய ஒரு உரைக்கோப்பு.

மதியம் அவர் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். வெர்ஷன் கோப்பைத் திறக்கச் சொன்னேன். அவர் முதல் ஏழு எழுத்துகளை வாசித்தார், நான் என் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன், பொருந்தியது. "அப்போ கமிட் செய்தியில் ஓவர்லாக் கூலி ஏன் மாறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதற்கு முன்னாலா பின்னாலா?" என்று அடுத்ததைக் கேட்டார். பண்டிலிலிருந்து குளோன் செய்து அதற்குள் படிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

---

#18 வேம்புநிழல் | புதன், இரவு 7:15

நிம்மதி தம்பி. வி2.3.1 டேக்கை உங்கள் சர்வருக்கு புஷ் செய்தீர்களா? சாதாரண கிட் புஷ் டேக்கை எடுத்துப் போகாது. இந்த லேப்டாப் போனால் டேக்கும் போய்விடும்.

---

#19 பாவுநூல் | புதன், இரவு 7:22

செய்யவில்லை. வரலாறு மாறிவிட்டதால் பழைய ரெப்போவோடு கலக்காமல், புதிய ரெப்போ ஒன்று திறந்து டேக்கோடு சேர்த்து இப்போதுதான் ஏற்றினேன் அண்ணா. சப்மாட்யூலின் டேக்கையும் பார்த்தேன். அதுவும் என் மெஷினில் மட்டும்தான் இருந்தது, அதையும் ஏற்றிவிட்டேன்.